வண்ணம் தந்த வால்டர் புரூக்



பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அவர்கள் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் எங்கள் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா, நான் பிறப்பதற்கு முன்பே ஜப்பானில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். இங்கே அது சரியாக ஓடவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நொந்துபோய்ப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். முதலாம் ஆண்டு விடுமுறையில் அதைத் தூசி தட்டி எடுத்தேன். ஜப்பானில் 100 வோல்ட், நம் வீட்டில் 230. நாம்தான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறோமே! ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, பாட்டியின் பழைய கலர் டி.வி.யில் ஏ.வி. வயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன்.

பாட்டு ஜோராகக் கேட்டது. படமோ நிற்காமல் உருண்டு ஓடியது. தெருமுனை டி.வி. மெக்கானிக் அண்ணாச்சி வந்து வெர்டிகல் ஹோல்டைத் திருகினார். படம் நின்றது, ஆனால் கறுப்பு வெள்ளை! அதுவோ ஒரே நிறத்து உருண்டைகளைச் சேர்க்கும் ஆட்டம். எது சிவப்பு, எது நீலம்? எல்லாமே சாம்பல்! மாமா சொன்னது சரிதான், பெட்டி பழுது என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணாச்சிதான் தடுத்தார். பெட்டியும் நல்ல பெட்டி, டி.வி.யும் நல்ல டி.வி.; ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார். பெட்டி பேசுவது என்.டி.எஸ்.சி., டி.வி.க்குத் தெரிந்தது பால். பால் என்றதும் எனக்கு ஆவின் பூத்துதான் ஞாபகம் வந்தது! அந்தப் பாலைக் கறந்தவர் யார் என்று தேடப் போனேன். கிடைத்தவர் வால்டர் புரூக்.

ஜெர்மனியில் நோய்ஷ்டாட் என்ற ஊரில் 1908 மார்ச் 2-ஆம் தேதி பிறந்தவர். அவர் படித்தது பெரிய பல்கலைக்கழகத்தில் அல்ல நண்பர்களே! மிட்வைடா ஊரிலிருந்த டெக்னிக்கும் என்ற தொழில்நுட்பப் பள்ளியில். ஏறக்குறைய நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு பெர்லினில், டெலிவிஷன் தவழ்ந்துகொண்டிருந்த நாட்களில், மிஹாலி, ஆர்டென்னே போன்ற முன்னோடிகளிடம் வேலை பார்த்தார். 1935-இல் டெலிஃபுங்கன் கம்பெனியில் சேர்ந்தார். மறு வருடம் பெர்லின் ஒலிம்பிக்கில் பீரங்கி போல நீண்ட டெலிவிஷன் கேமராவை இயக்கினார்.

அடுத்த அத்தியாயம் சங்கடமானது. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் பீனமுண்டே ராக்கெட் தளத்தில், வி-2 கிளம்புவதைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்கான டெலிவிஷன் ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தவரும் இவரே. அந்த ராக்கெட்டுகளைத் தயாரித்த இடத்தில் ஆயிரக்கணக்கான கைதிகள் செத்து மடிந்தார்கள். கருவி யார் கையில் போகிறது என்ற கேள்வி தொழில்நுட்பம் படிக்கிற ஒவ்வொருவருக்கும் உண்டு. நமக்கும் உண்டு.

போர் முடிந்து, 1950-இல் மீண்டும் டெலிஃபுங்கன். இந்த முறை ஹனோவர் நகரில். அங்கேதான் அவர் பெயர் நிலைக்கும் வேலை நடந்தது.

அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. கலர் முறை 1953-லேயே வந்துவிட்டது. அதில் ஒரு தொல்லை. எந்த நிறம் என்பதை சிக்னலின் ஃபேஸ் சொல்கிறது. வழியில் ஃபேஸ் கொஞ்சம் பிசகினாலும் போச்சு, மனித முகம் பச்சை தட்டிவிடும்! அதைச் சரிசெய்ய டி.வி.யில் தனியாக ஒரு டின்ட் குமிழ் வைத்திருந்தார்கள்.

புரூக் என்ன செய்தார்? நிறத் தகவலின் ஒரு பகுதியை ஒரு வரி விட்டு ஒரு வரி தலைகீழாக்கி அனுப்பினார். டி.வி.க்குள் ஒரு வரியை 64 மைக்ரோ செகண்டு காக்க வைத்து, அடுத்த வரியோடு சேர்த்தார். ஒரு வரியில் பிழை இடப்பக்கம் இழுத்தால், மறு வரியில் வலப்பக்கம் இழுக்கும். இரட்டை மாட்டு வண்டி மாதிரி! இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, வண்டி நேராகப் போகிறது. நிறத்தின் அடர்த்தி துளி குறையும், நிறம் மாறாது.

எல்லாமே அவர் மூளையில் உதித்ததல்ல. வரிக்கு வரி மாற்றும் யோசனை அமெரிக்காவில் முன்பே பேசப்பட்டது. வரியைக் காக்க வைக்கும் உத்தியை ஃபிரான்சின் ஹென்றி த ஃபிரான்ஸ் தன் செக்காம் முறையில் பயன்படுத்தியிருந்தார். இரண்டையும் இணைத்து, வீட்டு டி.வி.க்குள் அடங்கும்படி செய்ததுதான் புரூக்கின் சாதனை. 1963 ஜனவரி 3-ஆம் தேதி ஐரோப்பிய நிபுணர்கள் முன்னால் செய்து காட்டினார். ஏன் தன் பெயரையே வைக்கவில்லை என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே காரணம் சொன்னாராம். ஜெர்மன் மொழியில் புரூக் என்றால் முறிவு. முறிவு டி.வி.யை யார் வாங்குவார்கள்?

1967 ஜூலையில் பி.பி.சி. இந்த முறையில் கலர் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆகஸ்ட் 25-இல் மேற்கு ஜெர்மனி. அங்கே வில்லி பிராண்ட் பட்டனை அழுத்தித் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. அவர் கை பட்டனைத் தொடும் முன்பே கலர் வந்துவிட்டது! ஆனால் கிழக்கு ஜெர்மனி 1969-இல் செக்காம் முறைக்குப் போனது. செக்காம் மட்டும் தெரிந்த அவர்கள் டி.வி.யில் மேற்கு ஜெர்மனியின் கலர் நிகழ்ச்சிகள் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்தன. பாட்டி வீட்டில் நான் பட்ட அதே பாடு!

நமக்கு பால் வந்தது 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டு நடந்த வருடம். நம் பால் டி.வி.க்கு 625 வரி, விநாடிக்கு 50 ஃபீல்டு, நிறத்துக்கு 4.43 மெகாஹெர்ட்ஸ். ஜப்பான் பெட்டிக்கு 525 வரி, ஏறக்குறைய 60 ஃபீல்டு, 3.58 மெகாஹெர்ட்ஸ். 50-க்குப் பழகிய டி.வி.யில் 60 வந்ததால் படம் உருண்டது. 4.43-ஐத் தேடிக் கிடைக்காததால் கலர் கில்லர் சர்க்யூட் நிறத்தை அணைத்துவிட்டது. எல்லாம் அதனதன் வேலையைச் சரியாகத்தான் செய்தன!

புரூக் 1990 மே 5-ஆம் தேதி காலமானார். அதே அக்டோபரில் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின.

மாமாவின் பெட்டி என்ன ஆச்சு என்கிறீர்களா? அண்ணாச்சி கடையில் இரண்டு பாஷையும் தெரிந்த மல்டி சிஸ்டம் டி.வி. ஒன்று இருந்தது. மாமாவை அங்கே கூட்டிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு, நீலம், மஞ்சள்... இத்தனை வருடம் கழித்து! யாரும் அவரை ஏமாற்றவில்லை என்று சொன்னேன். மாமா ஒன்றும் பேசவில்லை, மூன்று ஆட்டம் ஆடிவிட்டுத்தான் எழுந்தார்.

நண்பர்களே! பொருந்தாதது எல்லாம் பழுது அல்ல. நாளை உங்கள் மேஜைக்கு ஒரு பெட்டி வரும்போது, தூக்கிப் போடும் முன் அது எந்த பாஷை பேசுகிறது என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். டிப்ளமாதானே என்று யாராவது உங்களை ஒதுக்கினால், முறிவு என்ற பெயரோடு பாதி உலகத்துக்கு நிறம் சேர்த்த அந்த டெக்னிக்கும் மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள்!