நர்சுகளுக்கு அன்பைப் பாடமாக்கிய மதுரை டாக்டர்

விரல்கள் கோணிப்போன ஒருவர் கண் ஆபரேஷன் செய்ய முடியுமா?

செய்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்!

அவர்தான் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் கோ.வெங்கடசாமி.

மணலில் எழுதிய சிறுவன்

எட்டயபுரத்துக்கு அருகே உள்ள வடமலாபுரம் அவருடைய சொந்த ஊர். 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மணலைப் பரப்பி, அதில் எழுதிப் படித்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்து, 1944-ல் டாக்டர் ஆனார்.

கர்ப்பிணிகளாக இருந்த உறவுப் பெண்கள் இறந்ததை அறிந்தவர் அவர். ஆகவே, பிரசவ டாக்டராக விரும்பினார். ஆனால், 30 வயதில் கடுமையான மூட்டுவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் வளைந்து இறுகின.

அவர் மனம் தளரவில்லை. கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். 1973-ல் "பத்மஸ்ரீ" விருது கிடைத்தது.

11 படுக்கைகள்

1976-ல், 58 வயதில் ஓய்வு பெற்றார். வீட்டில் உட்காரவில்லை. குடும்பத்தாரைச் சேர்த்துக்கொண்டு, 11 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

வசதி உள்ளவர்கள் பணம் கொடுத்தார்கள். ஏழைகளுக்கு இலவசம். அப்படியும் பல ஏழைகளால் வர முடியவில்லை. பஸ்சுக்குக் காசு ஏது? வந்தால் அன்றையக் கூலி போய்விடுமே! ஆகவே, கிராமங்களில் முகாம் நடத்தி, நோயாளிகளை வண்டியில் அழைத்து வந்து, சாப்பாடும் போட ஏற்பாடு ஆயிற்று.

கிராமத்துப் பெண்கள்

இவ்வளவு பேரையும் டாக்டர்கள் மட்டுமே கவனிக்க முடியுமா? கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, 2 ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். பார்வையைச் சோதிப்பது, நோயாளியை ஆபரேஷனுக்குத் தயார் செய்வது எல்லாம் அவர்கள் வேலை. மார்க்கை மட்டும் பார்க்கவில்லை, குணத்தையும் பார்த்தார்கள்.

கை வேலையை 2 ஆண்டில் கற்றுவிடலாம். பொறுமையை?

கண் தெரியாத பாட்டிக்கு நர்சின் முகம் தெரியாது, குரல்தான் கேட்கும். அதட்டினால் நடுங்குவாள். எதிர்த்துப் பேச மாட்டாள். காலையில் முதல் நோயாளியிடம் காட்டிய அன்பை, அலுத்துப்போன மாலையிலும் அந்தப் பாட்டியிடம் காட்ட வேண்டும். அதுதான் நர்சின் தர்மம்.

உலக நர்சுகள் சம்மேளனம் 1953-ல் நர்சுகளுக்கான ஒழுக்க விதிகளை வகுத்தது. அந்த விதிகள் பிறகு பலமுறை திருத்தப்பட்டன. வேலையில் சேர்ந்த பிறகும் நர்சு கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன.

மதுரையில் வேலையே அந்தப் பாடம் ஆயிற்று. பணம் கொடுத்தவர்களைக் கவனித்த அதே டாக்டர்களும் நர்சுகளும், முறை வைத்து இலவச நோயாளிகளையும் கவனித்தார்கள். ஏழைக்கு ஒரு கவனிப்பு, பணக்காரருக்கு ஒரு கவனிப்பு என்பது இல்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. தினமும் செய்து பழக வேண்டும்.

ஸ்ரீஅரவிந்தரின் பக்தரான டாக்டர், வைத்தியத்தை ஆன்மிகப் பணியாகவே கருதினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி, 87 வயதில் காலமானார்.

கண்ணைத் திறப்பது கத்தி. பயத்தைப் போக்குவது, பக்கத்தில் நிற்கும் நர்சின் அன்பு. இரண்டும் வேண்டும் என்பதே அவர் வாழ்ந்து காட்டிய பாடம்.