சாமுவேல் பிஸ்க் கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் (அக்டோபர் 10, 1822 – மே 28, 1884) யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஆவார். மேலை மருத்துவத்தைத் தமிழ் வழியில் கற்பித்தவர். மருத்துவ, அறிவியல் நூல்கள் பலவற்றைத் தமிழில் வெளியிட்டவர்.

வாழ்க்கை

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். நன்கொடைகளால் இயங்கிய அமெரிக்க மிசன் சங்கம் இவரை 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. அதே சங்கத்தின் ஜான் ஸ்கடர் 1820 முதல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்திருந்தார். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. கிறீன் 1848 இல் மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு நோயாளரைக் கவனித்ததோடு, உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவமும் கற்பிக்கலானார். தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன.

தமிழ்வழி மருத்துவக் கல்வி

ஒரு மருத்துவர் எத்தனை ஊர்களுக்குத்தான் செல்ல இயலும்? வாந்திபேதி பரவிய காலங்களில் இக்கேள்வி உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. ஊர்தோறும் மருத்துவர் வேண்டும் என்று கிறீன் கருதினார். ஆனால் ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணியை நாடி வெளியேறுவதையும், தமிழில் பயின்றோரே தம் மக்களிடையே தங்குவர் என்பதையும் எண்ணி, 1864 இல் வகுப்புகளைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் தம் உடையையும் வழக்கங்களையும் கைவிடலாகாது என்பதிலும் உறுதியாக இருந்தார். இவரிடம் பயின்றோர் 60க்கும் மேற்பட்டோர்.

நூல்களும் கலைச்சொற்களும்

பாடநூல்கள் இல்லாததால் அவற்றையும் ஆக்க வேண்டியிருந்தது. டான்வோர்த், சப்மன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் துணை நின்றனர். கலைச்சொல்லை முதலில் தமிழில் தேடுவது, அங்கு கிட்டாவிடில் வடமொழியில் தேடுவது, அதிலும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பது இவரது முறை. 'கெமிஸ்திரி' என்பது 'கெமிஸ்தம்' ஆனது இவ்வாறே. இன்றைய வாசகருக்கு இவரது சொற்கள் பல வடமொழி மிகுந்தனவாகத் தோன்றும். எனினும் நூறாண்டுக்குப் பின்னும் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இதே மூன்று வழிகளையே விவாதித்தனர். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875) ஆகியவை இவரது முயற்சியில் வெளிவந்த நூல்களுள் சில. முதலாவது அறுவை மருத்துவம் பற்றியது; இரண்டாவது உடற்கூற்று நூல்.

பிற்காலம்

1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூல்களைத் திருத்தும் பணியைக் கைவிடவில்லை. மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. மறு ஆண்டு வூஸ்டரில் காலமானார். இதற்கிடையில், 1870 இல் கொழும்பில் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கில வழியிலேயே கற்பித்தது. இலங்கையின் மருத்துவக் கல்வியும் அவ்வழியே வளர்ந்தது. மானிப்பாய் மருத்துவமனை கிறீன் நினைவு மருத்துவமனை எனப் பெயர் பெற்றது.