மீண்டும் பிறந்த மீகாமன்

தாய் வயிற்றினின்று பிறப்பது ஒரு பிறப்பு. தீநெறியில் நின்ற உள்ளம் நன்னெறியிற் புகுவது மற்றொரு பிறப்பு. பின்னதனைக் கிறித்தவ சமயத்தார் மறுபிறப்பு என்பர். உயிர் வேறோர் உடலை எடுத்தல் அன்று அது. எடுத்த உடலிலேயே உள்ளம் புதிதாதல் ஆகும். தன்முனைப்பு அடங்கி, இறைவன் திருவுளத்திற்குப் பணிந்து நடத்தலே அதன் அடையாளம். இப்பிறப்பு ஒரு நாளில் தொடங்கலாம். ஆயின், ஒரு நாளில் முற்றுப்பெறுவதில்லை. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது ஜான் நியூட்டன் என்பாரின் வாழ்க்கை.

நியூட்டன் 1725ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவர். அன்னையார் இறைப்பற்று மிக்கவர். மழலை மாறாத மகனுக்கு மறைநூலைக் கற்பித்தார். அவ்வன்னையார் மகனுக்கு ஏழு வயது நிரம்புமுன்பே மறைந்தார். பதினோராம் வயதில் தந்தையாருடன் கடலேறிய சிறுவர், வளர வளர அன்னை ஊட்டிய அறிவை இழந்தார். கடவுளைப் பழித்தலும் பிறரைத் தம் வழிக்கு இழுத்தலும் அவருக்கு விளையாட்டாயின. 1744இல் போர்க்கப்பலொன்றில் வலிந்து சேர்க்கப்பட்டார். அதனின்று தப்பியோட முயன்று பிடிபட்டுக் கசையடி பெற்றார்.

பின்னர் அவர் ஆப்பிரிக்காவின் மேலைக் கரையை அடைந்து, அடிமை வாணிகன் ஒருவனிடம் வேலைக்கு அமர்ந்தார். அங்கே நோயுற்றார், உண்ண உணவின்றிக் கிழங்குகளைப் பச்சையாகத் தின்று பசியாறினார். அந்நாளில் அவருக்கு இரங்கியவர் யாவர்? விலங்கிற் பூட்டப்பட்டிருந்த அடிமைகளே! தமக்கு அளந்து கொடுத்த சிறிதளவு உணவிலும் ஒரு பங்கை, எவரும் அறியாமல் அவருக்கு அளித்தனர். என்னே அவர்தம் ஈகை! இருந்தும் இல்லையென்பார் நடுவே, இல்லாதிருந்தும் ஈந்தவர் அவர்.

தந்தையாரின் முயற்சியால் மீட்கப்பெற்ற நியூட்டன், 1748ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தாய்நாடு நோக்கிக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். ஓரிரவு பெரும்புயல் எழுந்தது. துயின்றவர் விழித்தபொழுது அறைக்குள் கடல்நீர் பாய்ந்துகொண்டிருந்தது. மேல்தட்டிற்கு விரைந்தவரைக் கத்தியொன்று கொணருமாறு தலைவர் பணித்தார். அவர் திரும்பிய இடைவேளையில் அவருக்கு ஈடாக மேலே சென்ற ஒருவனை அலை வாரிக்கொண்டு போயிற்று. உடைந்த கப்பலில் நியூட்டன் நண்பகல் நெருங்கும் வரை நீரிறைத்தார். பின்னர் நள்ளிரவு வரை சுக்கானைப் பிடித்து நின்றார். இறைவனின் இரக்கத்தை வேண்டும் சொல்லொன்று, பல ஆண்டுகளுக்குப் பின் அவரை அறியாமலே அவர் வாயினின்று வந்தது. ஏறத்தாழ நான்கு கிழமைகளுக்குப் பின் அக்கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. புயல் தாக்கிய நாளையே தம் மறுபிறப்பின் தொடக்கமாக அவர் ஆண்டுதோறும் நினைந்து போற்றினார்.

ஆனால், அவர் வாய் திருந்திய அளவிற்குக் கை திருந்தவில்லை. பழிச்சொல்லை விட்டவர் பாவத்தொழிலை விட்டாரல்லர். 1750 முதல் 1754 வரை மும்முறை அடிமைக் கப்பலின் தலைவராகவே கடல் கடந்தார். மேல்தட்டில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். கீழறையில் மாந்தர் விலங்குடன் நெருக்குண்டு கிடந்தனர். தம் பசியைத் தணித்தவரின் இனத்தையே அவர் விலைப்பொருளாக ஏற்றிச் சென்றார். நாட்டின் சட்டம் அத்தொழிலை ஒப்பியது. ஊரார் அதனை மதித்தனர். வழக்கம் என்னும் திரை அவர் கண்ணை மறைத்தது. 1754இல் அவர் கடற்பயணத்தை விட்டதும் நோயினாலேயே அன்றி, மனச்சான்று உறுத்தியதனால் அன்று.

அதன்பின் லிவர்ப்பூல் துறைமுகத்தில் அலுவல் பார்த்துக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் பயின்றார். 1764இல் சமயகுருவாகி ஓல்னி என்னும் சிற்றூரில் ஏழை மக்களுக்குத் தொண்டாற்றினார். கவிஞர் கூப்பருடன் சேர்ந்து இயற்றிய பாடற்றொகுதி 1779இல் வெளிவந்தது. இறைவனின் வியத்தகு அருளைப் போற்றி அவர் பாடிய பாடல் இன்றும் உலகெங்கும் ஒலிக்கின்றது. 1780இல் இலண்டனுக்குக் குருவாக வந்தார். இளைஞரான வில்பர்போர்சு என்னும் பாராளுமன்ற உறுப்பினர், 1785இல் அரசியலைத் துறக்கலாமோ என்னும் ஐயத்துடன் அவரை நாடினார். அங்கிருந்தே இறைபணி ஆற்றலாம் என்று நியூட்டன் அவரைத் தெளிவித்தார்.

1788ஆம் ஆண்டில் நியூட்டன் தம் வாழ்வின் மிக அரிய செயலைச் செய்தார். அப்பொழுது அவர் புகழ்பெற்ற முதியவர். கடலை விட்டு முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. வாய் மூடியிருந்தால் எவரும் அவரை வினவியிரார். எனினும், அடிமை வாணிகத்தின் கொடுமைகளைத் தாம் கண்டவாறும் செய்தவாறும் எழுதி நூலாக வெளியிட்டார். தம் குற்றத்தை மறைக்கவில்லை. காலம் தாழ்த்ததனையும் ஒளிக்கவில்லை. அரசின் விசாரணையிலும் நேரில் சான்று பகர்ந்தார். பிறர் குற்றத்தை எடுத்துரைத்தல் எளிது. ஊரறியத் தன் குற்றத்தை ஒப்புதல் அரிது. தம் பெருமையினும் இறைவன் ஆணையே பெரிதெனக் கொண்ட பணிவு, அவ்வரிய செயலை அவருக்கு இயல்வதாக்கியது.

வில்பர்போர்சும் அவர்தம் தோழர்களும் இடையறாது முயன்றதன் பயனாக, ஆங்கிலப் பேரரசில் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சட்டம் 1807ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிறைவேறியது. கண்ணொளி குன்றிய நிலையிலும் அச்செய்தியைக் கேட்கும் பேறு நியூட்டனுக்கு வாய்த்தது. அவ்வாண்டு டிசம்பரில், எண்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அடிமைத்தனம் அறவே ஒழிவதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின.

புயல் அவரை ஓரிரவில் விழிக்கச் செய்தது. விழித்தவர் முழுவதும் காண்பதற்கு நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. இரும்பு விலங்குடன் நீண்ட கைகள் என்றோ அளித்த உணவிற்கு, முதுமையில் அவர் பகர்ந்த உண்மையே கைம்மாறாயிற்று. அது காலந்தாழ்ந்த கைம்மாறு. ஆயினும், கரவாத கைம்மாறு.