ஜே டில்லா: கட்டத்துக்குள்ள அடங்காத தாளம்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் பண்றப்போ யூடியூப்ல லோ-ஃபை பீட்ஸ் ஓட விடற ஆளா நீங்க? பாட்டு இருக்காது, டிரம்ஸ், ஒரு பியானோ துண்டு, பழைய ரெக்கார்டோட கரகரப்பு, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு முன்னோடிகள்னு ஒரு லிஸ்ட் போட்டா, முதல்ல வர்ற பேர்கள்ல ஒண்ணு ஜே டில்லா. வாங்க, அவரைப் பத்திப் பேசுவோம்.

அதுக்கு முன்னாடி நம்ம சிலபஸ்ல இருந்து ஒரு வார்த்தை: குவாண்டைசேஷன். தொடர்ச்சியா வர்ற சிக்னலை, கிட்ட இருக்கற லெவலுக்கு இழுத்து உட்கார வைக்கறது. பீட் மெஷின்லயும் இதே பேர்ல ஒரு வசதி உண்டு. நீங்க விரலால பேடைத் தட்டறீங்க. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும், மெஷின் அந்த அடியைப் பக்கத்துக் கட்டத்துல சரியா உட்கார வெச்சிடும். டில்லாவோட கதையே இந்தக் கட்டத்தைப் பத்தினதுதான்.

ஜேம்ஸ் டூவிட் யான்சி 1974 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட்ல பிறந்தார். கார் தொழிற்சாலைகளின் ஊர், மோடவுன் இசை பிறந்த ஊர். அப்பா, அம்மா ரெண்டு பேருக்குமே இசை தெரியும். ஆனாலும் பையனை விமானத் தொழில்நுட்பம் சொல்லித்தர்ற ஒரு பள்ளியில சேர்த்தாங்க. (நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்குல்ல?) அவர் அங்க நிலைக்கலை. அப்புறம் பெர்ஷிங் ஹைஸ்கூல். அங்க கிடைச்ச நண்பர்களோட சேர்ந்து 'ஸ்லம் வில்லேஜ்' குழு உருவாச்சு.

அதே ஊர்ல ஆம்ப் ஃபிட்லர்னு ஒரு கீபோர்டு கலைஞர். தன்னோட எம்பிசி மெஷினைத் தொட்டுப் பழக விட்டதும், 1994-ல 'எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட்' குழுவோட க்யூ-டிப்கிட்ட அறிமுகப்படுத்தினதும் இவர்தான். அப்புறம் வேலைகள் குவிஞ்சது. 1995-ல தி ஃபார்சைடுக்கு பீட்ஸ், 1996-ல ட்ரைப் ஆல்பம். ஆனா ட்ரைப் வேலையெல்லாம் 'தி உம்மா'ங்கற கூட்டுப் பேர்லதான் வெளிவந்தது. பாட்டு ஊரெல்லாம் ஓடும். செஞ்சவர் யாருன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்படி என்ன புதுசா செஞ்சார்? கட்டத்துக்கு இழுக்கற அந்த வசதியை அவர் அப்படியே ஏத்துக்கலை. ஒரு அடி நேரா நடக்கும், இன்னொண்ணு சாஞ்சு நடக்கும். கிக் எதிர்பாத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி விழும். முதல் தடவை கேட்டப்போ என் ஹெட்ஃபோன்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். நாலாவது தடவை தலை தானா ஆட ஆரம்பிச்சது. மெஷினை வெச்சு மனுஷக் கையோட தள்ளாட்டத்தைக் கொண்டு வந்தவர் அவர். அப்புறம் நிஜ டிரம்மர்களே அந்தத் தள்ளாட்டத்தைப் பழகினாங்க. 2000-ல வந்த டி'ஆஞ்சலோவோட 'வூடூ' ஆல்பத்துல க்வெஸ்ட்லவ் வாசிக்கறதைக் கேளுங்க, புரியும்.

2002-ல உடம்பு படுத்துச்சு. சின்ன ரத்தக் குழாய்கள்ல ரத்தம் உறையற ஒரு அபூர்வ நோய், கூடவே லூபஸ். பெரிய கம்பெனிக்காக அவரே ராப் பாடிப் பதிவு பண்ண ஆல்பம் கிடப்புல போச்சு. அது வெளிவந்தது 2016-ல, அவர் போய்ப் பத்து வருஷம் கழிச்சு. அதுக்காக அவர் காத்திருக்கலை. 2003-ல 'ரஃப் டிராஃப்ட்'டைத் தானே வெளியிட்டார். அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ். 2005 கடைசியில சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடி ஐரோப்பாவுல மேடை ஏறினார்.

2006 பிப்ரவரி 7, அவரோட 32-வது பிறந்தநாள். அன்னைக்குத்தான் 'டோனட்ஸ்' வந்தது. மூணாவது நாள், பிப்ரவரி 10, அவர் இறந்துட்டார்.

அந்த ஆல்பம் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கையில உருவானதுன்னு ஒரு கதை உண்டு. ஒரு சின்ன சாம்ப்ளரும் ரெக்கார்டுகளும் அங்க வந்து சேர்ந்ததும், வீங்கின விரல்களை அம்மா மவுரீன் பிடிச்சு விட்டதும் பலரும் சொல்றதுதான். ஆனா அவர் வாழ்க்கையை 2022-ல புத்தகமா எழுதின டான் சார்னாஸ், அதுல பெரும்பகுதி முன்னாடியே செஞ்ச பீட்ஸ்னு காட்டறார். எனக்கு இந்த ரெண்டாவது கதைதான் பெருசாத் தெரியுது. சாவு வந்து அவரை மேதை ஆக்கலை. யாரும் கவனிக்காத சாதாரண நாட்கள்ல உட்கார்ந்து செஞ்ச வேலை அது.

அவரோட எம்பிசி 3000 இப்போ வாஷிங்டன்ல, ஸ்மித்சோனியனோட ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துல கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கு.

சரி, எங்க ஆரம்பிக்கலாம்? நேரா 'டோனட்ஸ்'. 31 டிராக், முக்கால் மணி நேரம்கூட இல்லை. முதல் டிராக்கோட பேர்ல 'அவுட்ரோ', கடைசி டிராக்ல 'இன்ட்ரோ'. ரிப்பீட்ல போட்டா முடிவு ஆரம்பத்தோட ஒட்டிக்கும். டோனட் மாதிரியே வட்டம். ராப்போட வேணும்னா ஸ்லம் வில்லேஜோட 'ஃபன்டாஸ்டிக், வால்யூம் 2'. அதுக்கப்புறம் அவர் நண்பர் மேட்லிப், நம்ம நாட்டுப் படப் பாட்டுகளை வெட்டி ஒட்டிச் செஞ்ச 'பீட் கண்டக்டா இன் இந்தியா'. ராத்திரிப் படிப்புக்கு ஜப்பானோட நுஜாபெஸ் செஞ்ச 'மோடல் சோல்'. ஒரு ஆச்சரியம்: நுஜாபெஸ் பிறந்ததும் அதே 1974 பிப்ரவரி 7. அவரும் 2010-ல, 36 வயசுலயே போயிட்டார்.

பிளேஸ்மென்ட் சீசன்ல நம்ம எல்லாரையும் ஏதோ ஒரு கட்டத்துக்குள்ள இழுத்து உட்கார வைக்கறாங்க. அன்னைக்கு ராத்திரி லைட்டை அணைச்சுட்டு 'டோனட்ஸ்' போடுங்க. கொஞ்சம் தள்ளி விழற அடியும் தாளத்துல சேரும்னு காதுக்கே தெரியும்.