வெறுங்காலில் ஓடிய சிவநாத் சிங்

ஆண்டுக்கொரு ஞாயிறு காலை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்க வரும் நம்மவர்கள் பஸ் கிடைக்காமல் திண்டாடுவதுண்டு. பக்கத்திலுள்ள ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்திலிருந்து டில்லி அரை மாரத்தான் புறப்படும் நாள் அது. ஓடி முடித்தவர்கள் கழுத்தில் பதக்கத்தோடு மார்க்கெட் பக்கம் டீ குடிக்க வருவார்கள். அவர்கள் காலில் கிடக்கும் பூட்ஸைப் பார்த்தால் எனக்குக் காலஞ்சென்ற சிவநாத் சிங்கின் நினைவு வரும்.

இவர் 1946ல் பீகாரில் பக்ஸார் அருகே மஞ்சரியா கிராமத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து நாயப் சுபேதார் ஆனார். பாதத்தில் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு வெறுங்காலுடன் ஓடுவது அவர் வழக்கம். 1974ல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டரில் தங்கமும் 10,000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். அர்ஜுனா விருதும் கிடைத்தது.

1976ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தான். தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். முந்தைய ஒலிம்பிக்கில் வென்ற அமெரிக்கர் பிராங்க் ஷார்ட்டர் இருந்த முன்னணிக் கூட்டத்தில் பீகார்காரரும் இருந்தார். பிற்பாதியில் பின்தங்கி, 2 மணி 16 நிமிடம் 22 விநாடியில் 11வதாக வந்தார். பதினோராவது இடம்தானே என்று தள்ளிவிடக் கூடாது. 1920ல் ஆண்ட்வெர்ப்பில் ஓடிய பெல்காம் சவுகுலே பெற்றது 19வது இடம்.

1978 ஜனவரியில் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி தேசிய சாதனை படைத்தார். அது 40 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 2019ல் கேரளத்துக் கோபி சியோலில் 2 மணி 13 நிமிடம் 39 விநாடி வரை நெருங்கினார், அவ்வளவுதான். பூட்ஸ் மட்டும் இதற்குள் எங்கோ போய்விட்டது. ஒரு ஜோடி 20,000 ரூபாய்க்கு விற்கிறது. குமாஸ்தா சம்பளத்தில் நினைத்துப் பார்க்கக்கூட முடியாது!

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவரால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. பிறகு ஜாம்ஷெட்பூர் டாடா உருக்காலையில் பணியாற்றினார். 2003 ஜூன் 6ந் தேதி, 56 வயதில் காலமானார்.

டில்லியில் 1980களில் ரத் மாரத்தான் நடந்து, நின்றுபோயிருந்தது. அவர் மறைந்த இரண்டு ஆண்டுக்குப் பின், 2005 அக்டோபரில் அரை மாரத்தான் தொடங்கியது. தூரம் 21 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2008ல் எத்தியோப்பியாவின் தெரிபா மெர்கா 59 நிமிடம் 15 விநாடியில் வென்றார். 2020ல் கொரோனா காரணமாகச் சாலையில் முன்னணி வீரர்கள் மட்டுமே ஓடினார்கள். அந்த ஆண்டுதான் அதே நாட்டு அம்தேவொர்க் வலெலெக்ன் அதை 58 நிமிடம் 53 விநாடியாகக் குறைத்தார். பின்னர் கூட்டம் மீண்டும் சேர்ந்து, பங்கேற்போர் 30,000க்கு மேல் போயினர். பரிசுத் தொகை மொத்தம் 2 லட்சம் டாலரைத் தாண்டியது.

2016ல் இந்தியர் பிரிவில் முதலாவதாக வந்தவர் நம் புதுக்கோட்டை லட்சுமணன். அவரும் ராணுவத்துக்காரர்தான்.