‘சைக்ளோன்’னு பேர் வச்சவர் யார் தெரியுமா? எச்சரித்தும் கேட்காமல் கட்டிய துறைமுகம்... 14 வருஷத்தில் நடந்தது என்ன?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, கடலே இல்லாத திருவண்ணாமலையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. குழந்தைகள் உட்பட 7 பேர் பலி. அந்த வருஷ கார்த்திகை தீபத்துக்கு பக்தர்களை மலை மேல் ஏறவிடவில்லை.

புயல் வந்தால் நம்ம போனில் அலர்ட் மேல அலர்ட் வருது. சேட்டிலைட் படம் சுத்துது. ஆனா இது எதுவுமே இல்லாத காலத்தில், புயல் எங்க இருக்கு, எந்தப் பக்கம் போகுதுன்னு ஒருத்தர் கணக்குப் போட்டுச் சொன்னார். சைக்ளோன் என்ற வார்த்தையை உருவாக்கியவரும் அவரேதான்.

யார் இந்த ஹென்றி பிடிங்டன்?

1797-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். வணிகக் கப்பலில் கேப்டனாக இருந்துவிட்டு கல்கத்தாவில் செட்டில் ஆனார். கனிமப் பொருட்கள் சேகரித்து வைக்கும் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளர். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றத்துக்கும் தலைவர். அதாவது, மூழ்கிய கப்பல், தப்பிய கப்பல், பாய்மரம் முறிந்து வந்த கப்பல் எல்லாத்தோட கதையும் கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வரும்.

அவருக்குத் தீப்பொறி கொடுத்தது 1838-ல் வில்லியம் ரீட் என்ற ராணுவ அதிகாரி வெளியிட்ட புயல்கள் பற்றிய புத்தகம். அடுத்த வருஷமே பிடிங்டன் வேலையை ஆரம்பித்துவிட்டார். வங்கக் கடலில் புயலில் சிக்கிய கப்பல்களின் தினக்குறிப்புகளைச் சேகரிப்பார். எத்தனை மணிக்கு காற்று எந்தத் திசையில் அடித்தது, பாரோமீட்டர் எவ்வளவு இறங்கியது, கப்பல் அப்போ எங்க இருந்தது? எல்லாத்தையும் ஒரே வரைபடத்தில் குறிப்பார். 1839 நவம்பரில் இன்றைய காக்கிநாடா பக்கம் உள்ள கோரிங்காவைத் தாக்கிய புயலையும் இப்படித்தான் ஆராய்ந்தார். சாகும் வரை, ஏறக்குறைய 20 வருஷம், ஆசியாட்டிக் சொசைட்டி இதழில் புயல் புயலாக எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரே இடத்தைச் சுத்திச் சுத்தி வந்த கப்பல்

இதில் ஒரு கப்பல் கதை கேட்டால் சினிமா மாதிரி இருக்கும். பெயர் சார்லஸ் ஹெடில். 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் தீவுக்குப் பக்கத்தில் புயலில் மாட்டிக்கொண்டது. காற்று தள்ளுகிற திசையிலேயே ஓடித் தப்பிக்கலாம்னு கேப்டன் ஓட்டினார். நாள் கணக்கில் ஓடியது. ஆனா போய்ச் சேர்ந்தது என்னவோ கொஞ்ச தூரம்தான்!

அந்தக் கப்பலின் குறிப்பேட்டைப் பிடிங்டன் படித்தபோது விஷயம் புரிந்தது. கப்பல் நேராக ஓடவே இல்லை. புயலின் மையத்தைச் சுற்றி ஐந்து வட்டம் அடித்திருக்கிறது. புயல் என்பது ஒரு பக்கமாக வீசும் பெருங்காற்று இல்லை, சுழல்கிற ஒன்று என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

1848-ல் மாலுமிகளுக்காகவே ஒரு கையேடு எழுதினார். அதில்தான் சைக்ளோன் என்ற பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் வட்டத்துக்கான சொல்லிலிருந்து எடுத்தது. பாம்பு சுருண்டு கிடப்பது போன்ற வடிவம் என்பதுதான் அவர் மனதில் இருந்த படம்.

அந்தப் புத்தகத்தோடு, ஊடுருவிப் பார்க்கக்கூடிய மெல்லிய கொம்புத் தகடுகளும் கொடுத்தார். தகட்டில் வட்டங்களும் காற்றின் திசைக் குறிகளும் இருக்கும். கடல் வரைபடத்தின் மேல் வைத்து, இப்போ அடிக்கிற காற்றோடு பொருத்தினால் மையம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நம்ம வங்கக் கடலில், காற்றை நேருக்கு நேர் பார்த்து நின்றால் மையம் ஏறக்குறைய வலது கைப்பக்கம் இருக்கும். அப்போ எந்தப் பக்கம் ஓடக் கூடாதுன்னு கேப்டனுக்குப் புரிஞ்சுடும் இல்லையா! அந்தக் காலத்துக்கு இதுதான் மொபைல் ஆப்.

புயலுக்கு முன்னாடியே வரும் அலை

வானத்தின் நிறம், பாரோமீட்டர் இறக்கம் இவற்றோடு, கடலின் நீண்ட உருண்ட அலையையும் புயலின் அறிகுறியாகப் பழைய மாலுமிகள் கவனித்தார்கள். காற்றே இருக்காது, வெயில் அடிக்கும், ஆனா அலை மட்டும் பெரிதாகப் புரண்டு வரும். ஏன்?

புயல் பொதுவாக மணிக்கு 15, 20 கி.மீ. வேகத்தில்தான் நகரும். அது கிளப்பிவிட்ட அலை அப்படி இல்லை. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 16 விநாடி இடைவெளி இருந்தால், ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 45 கி.மீ. போகும். ஒரு நாளைக்கு 1,000 கி.மீ.க்கு மேல். புயல் வர்றதுக்கு முன்னாடியே அலை வந்து கதவைத் தட்டிடும். இன்று கோவளத்தில் சர்ஃபிங் போகும் பசங்களும் அலையின் உயரத்தோடு இந்த இடைவெளியையும் பார்க்கக் காரணம் இதுதான்.

கேட்காமல் கட்டிய துறைமுகம்

கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட கம்பெனி அரசு யோசித்தது. ஹூக்ளி ஆறு தூர்ந்துவிடும் என்ற பயம். 1853-ல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த இடம் புயல் அலைக்கு நேர் வழியில் இருக்கிறது, ஒரு நாள் கடல் உள்ளே புகுந்து ஊரே தண்ணீருக்குள் போகும் என்று எச்சரித்தார். பெரிய இடத்துத் திட்டம், அருங்காட்சியகத்துக்காரர் பேச்சை யார் கேட்பாங்க? யாரும் கேட்கவில்லை.

1858-ல் பிடிங்டன் கல்கத்தாவிலேயே இறந்துபோனார். துறைமுகம் எழுந்தது. அடுத்த கவர்னர் ஜெனரல் பெயரில் கேனிங் துறைமுகம் என்று பெயர். ரயில் பாதையும் போட்டார்கள். 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். அப்பவும் வேலை நிற்கவில்லை. 1867 நவம்பர் 1-ம் தேதி அடித்த புயலில் கடல் கேனிங் ஊருக்குள் புகுந்தது. கடிதம் எழுதி 14 வருஷம்தான் ஆகியிருந்தது. அதோடு அந்தத் துறைமுகம் எழவே இல்லை, சில வருஷங்களில் கைவிட்டுவிட்டார்கள்.

1864 புயலும், அதைத் தொடர்ந்து வந்த பஞ்சங்களும்தான் 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாகக் காரணமாயின. அதைப் பார்க்க பிடிங்டன் இல்லை.

இன்னைக்கு யார் சொல்றாங்க?

கடல் அலைக்கான எச்சரிக்கையை இப்போ ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் தருகிறது. பல ஆயிரம் கி.மீ. தெற்கே உருவான அலை, நம்ம பக்கம் புயலே இல்லாதபோதும் கரையேறும். கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் அதை கள்ளக்கடல் என்பார்கள். சொல்லாமக் கொள்ளாம வர்ற கடல். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். இந்த முறையும் எச்சரிக்கை முன்கூட்டியே வெளியாகித்தான் இருந்தது.

திருவண்ணாமலையிலிருந்து லீவு நாளில் குடும்பத்தோட புதுச்சேரி பீச்சுக்குக் கிளம்பறவங்க, புறப்படும் முன் இன்காய்ஸ் தளத்தில் அன்றைய அலை நிலவரத்தை ஒரு தடவை பாருங்க. கடல் அமைதியா தெரிஞ்சாலும், அலை இடைவெளி 15 விநாடிக்கு மேல் காட்டினால் அன்னைக்கு பிள்ளைகளைத் தண்ணியில் இறக்க வேண்டாம்.