சர்க்கரையைப் புளிக்க வைக்கும் புற்று

புற்றுநோயை ஒழிக்க வேண்டும். மாணவராக இருந்தபோதே ஆட்டோ வார்பர்க் கொண்ட ஆசை இது.

அவர் 1883-ம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். தந்தை யூத வம்சத்தவர், பௌதிகப் பேராசிரியர். முதல் உலகப் போரில் வார்பர்க் குதிரைப் படையில் சேர்ந்து காயம் அடைந்தார். ஆராய்ச்சிக்குத் திரும்பும்படி 1918-ல் ஐன்ஸ்டீன் கடிதம் எழுதினார். திரும்பினார்.

பெர்லினில் எலியின் புற்றுக்கட்டியை மெல்லிய சீவலாகச் சீவி, சர்க்கரை கலந்த நீரில் இட்டுச் சோதித்தார். அதிசயம் ஒன்று தெரிந்தது. பிராண வாயு கிடைத்தால் நல்ல ஈரல் சர்க்கரையை வீணாக்குவதில்லை. புற்று அணுவோ, பிராண வாயு தாராளமாக இருந்தும், சர்க்கரையை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக்கித் தள்ளியது. தயிரில் புளிப்பு ஏறுவதும் இந்த அமிலத்தால்தான்!

அணுவின் சுவாசம் கெடுவதே புற்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டினார். இங்கேதான் சறுக்கினார்.

அணுவின் சுவாசம் பற்றிய வேறொரு கண்டுபிடிப்புக்காக 1931-ல் நோபல் பரிசு வந்தது. ஹிட்லர் ஆட்சியில், 1941-ல், வேலை பறிபோனது. புற்றுநோய் ஆராய்ச்சிக்காகச் சில வாரங்களிலேயே திரும்பக் கொடுத்தார்கள். யூத வம்சத்தவர் ஒருவருக்கு அந்த நாளில் இது நம்ப முடியாத சலுகை.

1956-ல் அமெரிக்க விஞ்ஞானி சிட்னி வெய்ன்ஹவுஸ் அவரை மறுத்தார். புற்று அணுக்களும் நன்றாகவே சுவாசிக்கின்றன என்றார். பின்னால் ஈரல் புற்றை ஆராய்ந்தபோது உண்மை விளங்கியது. அங்கே ஈரலுக்கு உரிய என்ஸைம்கள் குறைந்து, வேறு வகை என்ஸைம்கள் வந்துவிடுகின்றன. சர்க்கரை உடையும்போது நடுவில் உண்டாகும் பொருள்களே அவற்றை முடுக்குகின்றன, தடுக்கவும் செய்கின்றன.

வார்பர்க் பிடிவாதக்காரர். 1970-ல், 86-வது வயதில் இறக்கும் வரை தம் கொள்கையை விடவில்லை.